ஆறு மாதத்தில் நாம் கிளம்பிவிடுகிறோம், போட்ட என்ட்ரி அங்கேயே இருக்கிறது

கடைசி வருடம் படிக்கிற பிள்ளைகள் இன்பாக்ஸில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "ஃபைனான்ஸில் கிராஜுவேட் ரொட்டேஷன் புரோகிராம் கிடைத்திருக்கிறது. இன்னொரு கம்பெனியில் நேரடியாக அனலிஸ்ட் வேலையும் கையில் இருக்கிறது. எதில் சேரலாம்?" ரொட்டேஷனில் சேருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க மனசு வருவதில்லை. இரண்டு வருடம் ஓடும் அந்தப் புரோகிராமில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஆஃபர் லெட்டர் கொடுக்கும்போது அதை யாரும் சொல்வதில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. படிப்பு முடிந்ததும் ஒரே இருக்கையில் உட்கார வைக்காமல் கணக்கு, ட்ரெஷரி (கையிருப்புப் பணத்தைக் கவனிக்கும் பிரிவு), பட்ஜெட், உள்தணிக்கை என்று பிரிவு பிரிவாக மாற்றி வேலை பழக்குவதுதான் இது. புதிய யோசனை ஒன்றும் இல்லை. ஜெனரல் எலக்ட்ரிக் 1919-லேயே நிதிப் பிரிவுக்கென ஒரு பயிற்சித் திட்டத்தை ஆரம்பித்தது. பிற்காலத்தில் அது இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒன்றாக நான்கு சுற்று என்று ஓடியது. இன்று பல பெரிய நிறுவனங்களில் நடப்பதும் ஏறக்குறைய இதே அமைப்புதான்.

நானும் அப்படி நான்கு சுற்று சுற்றி வந்தவன்.

முதல் சுற்று கணக்குப் பிரிவு. அதில் என் கடைசி மாத க்ளோசிங், அதாவது மாதக் கணக்கை முடித்து மூடும் வேலை. மாதம் முடிந்து மூன்றாவது வேலை நாள், இரவு. ஒரு பராமரிப்பு வேலை முடிந்துவிட்டது, பில் இன்னும் வரவில்லை. செலவு அந்த மாதக் கணக்கில் ஏற வேண்டும் என்பதால் அக்ரூவல் போட வேண்டும். அதாவது, செலவைப் பற்று வைத்து, தர வேண்டிய கடன் என்று வரவு வைப்பது. அடுத்த மாதம் முதல் தேதி அதே என்ட்ரியைத் திருப்பிவிட வேண்டும். அப்போதுதான் நிஜமான பில் வந்து கணக்கில் ஏறும்போது செலவு இரண்டு முறை விழாது. நான் தொகையைச் சரியாகப் போட்டேன், கணக்குத் தலைப்பையும் சரியாகப் போட்டேன். ரிவர்சல் தேதி கேட்கும் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன். அடுத்த வாரம் ட்ரெஷரிக்கு மாறிவிட்டேன். நான் எழுதிக் கொடுத்த ஹேண்டோவர் குறிப்பில் அந்த என்ட்ரியைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

ட்ரெஷரியில் பதின்மூன்று வாரப் பணவரத்து முன்கணிப்பு தயாரிப்பது என் வேலை. அதே பராமரிப்பு நிறுவனத்தின் பெயர் பணம் அனுப்பும் பட்டியலில் வந்தது. ஒரு தடவைதான் பணம் போனது, அது சரியான தொகைதான். லாப நஷ்டக் கணக்கில் அதே செலவு இரண்டு முறை விழுந்திருப்பது அங்கிருந்து தெரியவே தெரியாது. லாபம் வேறு, கையிருப்பு வேறு என்று பாடத்தில் படித்ததன் முழு அர்த்தம் எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

மூன்றாவது சுற்று பட்ஜெட். பராமரிப்புச் செலவு முந்தைய வருடம் கூடியிருந்தது. ஆலையின் மேலாளரிடம் கேட்டேன். "அவ்வளவு செலவு நாங்க பண்ணலையே, தம்பி" என்றார். லெட்ஜரில் (கணக்குப் பேரேட்டில்) இருக்கிறது சார் என்று நான் அடித்துப் பேசினேன். அவர் விட்டுக்கொடுத்தார். அடுத்த வருட பட்ஜெட்டில் அந்தத் தலைப்புக்கு அதிகத் தொகை ஏறியது. எனக்கு இன்றைக்கும் வலிக்கிற இடம் இதுதான். இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற மனிதர் உண்மையைச் சொன்னார். நான் என் தப்பை ஆதாரமாகக் காட்டி அவர் வாயை அடைத்தேன்.

நான்காவது சுற்று உள்தணிக்கை. ஒரு வருடத்துக்கு மேல் தீர்க்கப்படாமல் கிடக்கும் அக்ரூவல்களின் பட்டியலை எடுத்தோம். பதிவு செய்தவர் என்ற பத்தியில் என் ஐடி. பக்கத்தில் இருந்த சீனியர் மேடம் திரையைப் பார்த்தார். "என்னப்பா, இது உன்னோடதுதானே?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னதுதான் இந்தப் பதிவுக்கே காரணம். "நீ அந்த சீட்லயே இருந்திருந்தா அடுத்த மாச ரெகன்சிலியேஷன்ல உனக்கே தெரிஞ்சிருக்கும்." ரெகன்சிலியேஷன் என்றால் கணக்கில் இருப்பதை ஆதாரங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது.

நான் சொல்கிற ஓட்டை இதுதான். ஒரே இருக்கையில் வேலை பார்ப்பவரிடம் அவர் செய்த தப்பு அடுத்த மாதமே திரும்பி வருகிறது. திட்டுகிறார்கள், கற்றுக்கொள்கிறார். ரொட்டேஷனில் இருப்பவர் தப்பு வெளியே வருவதற்குள் கிளம்பிவிடுகிறார். நான்கு மேனேஜர்களிடமும் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு, தன் வேலை எங்கே உடைந்தது என்று தெரியாமலே சீக்கிரம் மேலே போய்விட முடியும். அப்படி மேலே போனவர் கையில் பத்துப் பேர் இருக்கும்போது என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

அப்புறம் ஏன் சேரச் சொல்கிறேன் என்றால், ஒரே எண் நான்கு பிரிவுகளில் எப்படித் தோற்றம் மாறுகிறது என்பதை வேறு எந்த வேலையும் இரண்டு வருடத்தில் காட்டாது. நேரடி அனலிஸ்டாகச் சேர்ந்திருந்தால் பட்ஜெட் தாளில் கூடியிருந்த அந்தத் தொகையை மட்டும் பார்த்திருப்பேன். அது எங்கே, எந்த நேரத்தில், எவ்வளவு களைப்பில் பிறந்தது என்று தெரிந்திருக்காது.

ஆகவே சேருகிறவர்களிடம் நான் கேட்பது, முதல் சுற்றில் கணக்குப் பிரிவைக் கேட்டு வாங்குங்கள். எல்லோரும் ஸ்ட்ராட்டஜி, கம்பெனி வாங்கல் விற்றல் பக்கம்தான் ஓடுகிறார்கள். அந்தப் பிரிவுகள் எடுத்து ஆளும் எண்கள் எல்லாம் மாத க்ளோசிங்கில்தான் உருவாகின்றன. அது உருவாகிற விதத்தைப் பார்க்காதவர் எக்ஸெல்லில் வந்ததை அப்படியே நம்புவார், நான் லெட்ஜரை நம்பியதுபோல.

ஒரு பிரிவை விட்டுக் கிளம்பும்போது உங்கள் ஐடியில் தீராமல் கிடக்கும் பதிவுகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள். மூன்று மாதம் கழித்து நீங்களே போய்க் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம், அங்கே யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஏசிசிஏ என்ற சர்வதேசக் கணக்காளர் அமைப்பில் உறுப்பினராக 36 மாத வேலை அனுபவம் வேண்டும். செய்த வேலையை மேற்பார்வையாளர் ஒருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். மேனேஜர் ஆறு மாதத்துக்கு ஒருவர் மாறுவதால், அந்தந்தச் சுற்று முடியும் முன்பே ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பிறகு தேடிப் போனால் அவரே வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார்.

இன்டர்வியூவில், இரண்டு வருடம் கழித்து எந்தப் பிரிவில் நிரந்தரமாகப் போடுவீர்கள், அதை யார் முடிவு செய்வார்கள் என்று கேட்டுவிடுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் யோசியுங்கள்.

இந்தத் திட்டங்களை நடத்துபவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். சுற்று மாறி மூன்று மாதம் ஆனதும் டிரெய்னியை அரை நாள் பழைய பிரிவுக்கு அனுப்புங்கள். அரை நாள் போதும். மதிப்பெண் போட வேண்டாம், அவர் விட்டுப்போன வேலை என்ன ஆனது என்று உட்கார்ந்து பார்க்கட்டும்.

என் டீமில் இதை இப்போது செய்கிறோம். போன வாரம் ட்ரெஷரியிலிருந்து ஒரு டிரெய்னி வந்திருந்தாள். தான் போட்ட ஏழு அக்ரூவல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஆறு திரும்பியிருந்தன. ஏழாவதைத் திறந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "சார், இந்த பில் வந்துடுச்சா?" என்று கேட்டாள். வந்திருந்தது. அன்று சாயங்காலமே சரி செய்துவிட்டுத்தான் போனாள்.