எண்ணிப் பார்த்த மனிதர்

ஸ்டெம் செல் என்று இப்போது முகத்துக்குப் பூசும் கிரீம் டப்பாவில்கூட அச்சடித்துவிடுகிறார்கள். முட்டி வலியா, முடி கொட்டுகிறதா, வயது தெரிகிறதா, எல்லாவற்றுக்கும் அதே சொல். தன்னையும் பெருக்கிக்கொண்டு மற்ற வகை அணுக்களையும் பிறப்பிக்கும் மூல அணு (செல்) என்றுதான் அதற்கு அர்த்தம். அதைப் பார்க்கும்போதெல்லாம், அப்படி ஒன்று இருக்கிறது என்று முதலில் காட்டிய இருவரில் ஒருவரான எர்னஸ்ட் மெக்கல்லக் ஞாபகம்தான் எனக்கு வரும், கூடவே கொஞ்சம் எரிச்சலும்.

டொராண்டோவில் ரத்தநோய் மருத்துவராக இருந்தவர். கூட்டாளி ஜேம்ஸ் டில், இயற்பியல் பக்கமிருந்து வந்தவர். 1960இல் இவர்கள் ஸ்டெம் செல்லைத் தேடிப் போகவே இல்லை. ரத்தம் உண்டாகும் எலும்பு மஜ்ஜையைக் கதிர்வீச்சு எவ்வளவு தாக்குகிறது என்று அளந்துகொண்டிருந்தார்கள். கதிர்வீச்சால் மஜ்ஜை செத்துப்போன எலிக்கு வேறொரு எலியின் மஜ்ஜை அணுக்களை ஊசியில் ஏற்றுவது, பிழைக்கிறதா என்று பார்ப்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கல்லக் ஆய்வகத்துக்கு வந்து, ஊசி போட்டுப் பத்து நாள் ஆன எலிகளை அறுத்துப் பார்த்தால், மண்ணீரல் மேல் சின்னச் சின்ன முடிச்சுகள்.

தற்செயல் கண்டுபிடிப்பு என்று இதைச் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முடிச்சு கண்ணில் பட்டது தற்செயல், சரி. ஆனால் அந்த மனிதர் உட்கார்ந்து ஒவ்வொரு மண்ணீரலிலும் எத்தனை முடிச்சு என்று எண்ணி, எந்த எலிக்கு எத்தனை அணு ஏற்றினோம் என்ற கணக்கோடு சேர்த்து வைத்துப் பார்த்தாரே, அது எப்படித் தற்செயல் ஆகும்? இரண்டு மடங்கு அணு போட்டால் இரண்டு மடங்கு முடிச்சு. ஏறத்தாழ 10,000 மஜ்ஜை அணுவுக்கு ஒரு முடிச்சு. எண்ணுவதற்கும் யோசிப்பதற்கும் தமிழில் ஒரே சொல்தான் இருக்கிறது, இவருக்காகவே செய்துவைத்த மாதிரி. 1961இல் வெளிவந்த கட்டுரையின் தலைப்பில் ஸ்டெம் செல் என்ற வார்த்தைகூடக் கிடையாது. 1963இல் அவர்களுடைய மாணவர் ஆண்ட்ரூ பெக்கர், கதிர்வீச்சால் குரோமோசோமில் விழுந்த தழும்பையே அடையாளமாக வைத்து, ஒரு முடிச்சு முழுக்க ஒரே அணுவின் வம்சம் என்று காட்டினார். அப்படி வம்சம் பெருக்கும் அணுவைத்தான் ஸ்டெம் செல் என்கிறோம்.

எண்ணுவது சும்மா இல்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் பிழைப்பே அதுதான். ரத்த ஸ்லைடில் நூறு வெள்ளணுக்களை ஒவ்வொன்றாக வகை பிரித்து எண்ண வேண்டும். எழுபதைத் தாண்டும்போது யாராவது கூப்பிட்டால் போச்சு, திரும்ப ஒன்றிலிருந்து. நாலாவது ஸ்லைடுக்கு அப்புறம் ‘நார்மல்தான்’ என்று எழுதிவிடச் சொல்லிக் கை பரபரக்கும்.

ஆனால் மெக்கல்லக்கிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த ஞாயிற்றுக்கிழமை இல்லை, அதற்குப் பின்னால் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோயோடு அவர் மல்லுக்கட்டிய வருடங்கள். கீமோ கொடுத்தால் நோய் அடங்குகிறது, பலருக்கு மறுபடி வருகிறது. அருகுபோல் வேரோடி என்று வாழ்த்துவோமே, அந்த அருகேதான்: மேலே செதுக்கலாம், அடியில் முடிச்சு கிடக்கும். லுகேமியா அணுக்களிலும் ஒரு சிறு பங்குதான் புதிய கூட்டம் கட்டுமோ என்ற கேள்வியை, அந்த அணுக்களை ஆய்வகத் தட்டில் வளர்த்து வளர்த்து, அவர் வருடக்கணக்கில் துரத்தினார். தலைப்புச் செய்தி ஆகிற வேலை இல்லை. இன்றைக்கு இப்படி ஒரு திட்டத்தோடு நிதி கேட்டுப் போனால், மூன்று வருடத்தில் என்ன மருந்து தருவீர்கள் என்று கேட்டே அனுப்பிவிடுவார்கள் என்பது என் எண்ணம்.

அதே டொராண்டோவில் ஜான் டிக் என்ற ஆய்வாளரின் குழு, 1994இல் நோயாளிகளின் லுகேமியா அணுக்களை எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிகளுக்குள் ஏற்றியது. நோயை மறுபடி உண்டாக்கக்கூடியது சுமார் 2,50,000 அணுக்களில் ஒன்று. (எலியின் ரகம் மாறினால் இந்த எண்ணும் மாறுகிறது, அந்தச் சண்டை தனி.) 2014இல் அதே குழு இன்னும் கீழே போனது: லுகேமியாவுக்கு முந்தைய கட்ட மரபணு மாற்றம் ரத்த ஸ்டெம் செல்லிலேயே இருக்கிறது, கீமோ முடிந்த பிறகும் அந்தச் செல்கள் பிழைத்துக் கிடக்கின்றன.

டில்லுக்கும் மெக்கல்லக்குக்கும் 2005இல் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது கொடுத்தார்கள். நோபல் வரவில்லை. மெக்கல்லக் 2011இல் போய்ச் சேர்ந்தார்.

கீமோ முடிந்தவரின் மஜ்ஜை ஸ்லைடு வந்தால் நாங்கள் 500 அணு எண்ணுவோம். பிளாஸ்ட், அதாவது முதிராத அணுக்கள், 5 சதவீதத்துக்குக் கீழே இருந்து, மற்றதெல்லாம் ஒழுங்காக இருந்தால் ரிமிஷன், நோய் அடங்கிவிட்டது என்று அர்த்தம். வெளியே காத்திருக்கிறவர்களின் முகம் அந்த ஒரு சொல்லில் மலர்ந்துவிடும். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனாலும் 500 எண்ணி முடித்து லென்ஸைத் துடைக்கும்போது அந்த 2,50,000 ஒரு தடவை தலைக்குள் வந்துவிட்டுத்தான் போகும்.