காவிச் சேறும் நெல் வயலும்

கைவிட்ட நிலக்கரிச் சுரங்கங்களில் வடியும் தண்ணீரைச் சுத்திகரிக்கும்போது மிஞ்சுகிற காவிச் சேற்றை வயலுக்கு உரமாக்கலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. மன்னார்குடிப் பக்கம் நெல் போடுகிறவன் என்பதால் சில வார்த்தைகள்.

அந்தச் சேறு பெரும்பாலும் இரும்புத் துருதான். எங்கள் ஊரில் போர் தண்ணீர் நின்ற தொட்டியில் காவி படிகிறதே, ஏறக்குறைய அதே சங்கதி. சுரங்கத்தில் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டுச் சிதைவதால் தண்ணீர் அமிலமாகிறது. அதற்காகத்தான் சுண்ணாம்பு போடுகிறார்கள்.

அமெரிக்காவின் ஓஹியோவில் இதை ஓவிய வண்ணமாக்கியிருக்கிறார்கள். நல்ல யோசனை. ஸ்காட்லாந்தில் கழிவுநீரிலுள்ள பாஸ்பரஸை இந்தத் துருவில் பிடித்து, அப்புறம் அதையே மெதுவாகக் கரையும் உரமாகச் சோதித்தார்கள். ஆனால் அங்கே வயலில் தண்ணீர் கட்டுவதில்லை!

இங்கே சம்பா நடவு முடிந்தால் வாரக்கணக்கில் தண்ணீர் நிற்கும். மண்ணுக்குள் காற்று போகாது. அப்போது துரு கரையத் தொடங்கும். அது பிடித்து வைத்திருந்த பாஸ்பரஸ் வெளியே வரும், சரி, பயிருக்கு நல்லது. கூடவே ஆர்சனிக் என்ற நச்சு ஒட்டியிருந்தால் அதுவும் வருமே? மற்றத் தானியங்களைவிட நெல் அதை அதிகம் உறிஞ்சும். கரைந்த இரும்பு மிஞ்சினாலும் இலை பழுத்துப்போகும்.

செங்கல் சூளைக்கோ பெயின்டுக்கோ கொடுங்கள், ஆட்சேபணை இல்லை. வயலுக்கு என்றால் ஒவ்வொரு லோடுக்கும் ஆய்வுச் சீட்டு காட்டிவிட்டு இறக்கட்டும்.