சொத்து வரியும் மெட்ரோ ரயிலும்

மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்குப் பணம் திரட்டவே சென்னை மாநகராட்சி 2022-இல் சொத்து வரியை உயர்த்தியதாகப் பரவும் வாட்ஸ்அப் செய்தி தவறானது. மெட்ரோவைக் கட்டுவது மாநகராட்சி அன்று. மத்திய, மாநில அரசுகள் சம பங்கு வைத்திருக்கும் சென்னை மெட்ரோ ரயில் நிறுவனமே, 63,246 கோடி ரூபாய் மதிப்பிலான 118.9 கிலோமீட்டர் பணியை அரசு நிதியோடு ஜப்பான் அரசின் கடனுதவி முகமையான ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி முதலியவற்றின் கடனையும் கொண்டு மேற்கொள்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாம் கட்டும் சொத்து வரியோ குப்பை அகற்றல், தெருவிளக்கு, உட்புறச் சாலை போன்ற மாநகராட்சிப் பணிகளுக்கானது. 2011 விரிவாக்கத்துக்கு முந்தைய பழைய நகர எல்லைக்குள் 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 50 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 150 விழுக்காடும் வரி உயர்ந்தது உண்மைதான், அதைப் பற்றிய மனக்குறையும் நியாயமானதே. ஆயினும் உயர்வுக்கு மாநில அரசு அப்போது சொன்ன காரணம், உள்ளாட்சிகளுக்கான மத்திய மானியத்தைப் பெற, மத்திய-மாநில நிதிப் பகிர்வைப் பரிந்துரைக்கும் பதினைந்தாவது நிதிக்குழு சொத்து வரி குறித்து விதித்த நிபந்தனை.