எக்ஸ்டிஆர் வாங்கியாச்சு, அலர்ட்டை யார் பார்ப்பது?

இப்போதெல்லாம் ஐடி பட்ஜெட் பேச உட்கார்ந்தாலே எக்ஸ்டிஆர் (XDR) என்ற பாதுகாப்பு மென்பொருளின் பெயர் அடிபடுகிறது. அறுபது எழுபது கம்ப்யூட்டர் வைத்திருக்கும் மில் முதலாளிகூட "அது நமக்கும் வேணுமா?" என்று கேட்கிறார். வேணும் என்பதுதான் என் பதில். ஆனால் டெமோவில் கலர் கலராகக் காட்டுகிற காரணங்களுக்காக இல்லை. அதை வாங்குவதற்கு முன்னால் முடிவு பண்ணவேண்டிய ஒரு விஷயத்தை, அதாவது அலர்ட் வந்தால் யார் பார்ப்பது என்பதை, பெரும்பாலான இடங்களில் யாரும் பேசுவதே இல்லை. அந்த எரிச்சலில்தான் இந்தப் பதிவு.

புதியவர்களுக்காகச் சுருக்கமாக. பழைய ஆன்டிவைரஸ், ஏற்கெனவே கெட்டது என்று தெரிந்த ஃபைலைப் பிடிக்கும். ஈடிஆர் ஒரு படி மேலே போய், கம்ப்யூட்டருக்குள் எந்த புரோகிராம் எதைக் கிளப்பியது என்று கவனிக்கும். எக்ஸ்டிஆர் அதோடு மெயில், லாகின், நெட்வொர்க், கிளவுட் தடயங்களையும் சேர்த்து ஒரே சம்பவமாகக் கோத்துக் கொடுக்கும். அக்கவுண்ட்ஸில் ஒருவர் மெயிலில் வந்த எக்செல்லைத் திறக்கிறார். அது பின்னால், விண்டோஸோடு வரும் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லை ஓட்டுகிறது. அன்று ராத்திரியே அவருடைய லாகினில் யாரோ சர்வருக்குள் போகிறார்கள். விடியற்காலையில் ஏகப்பட்ட டேட்டா வெளியே போகிறது. மெயில் பார்க்கிறவருக்கு ஒரு துண்டு, ஃபயர்வால் பார்க்கிறவருக்கு ஒரு துண்டு என்று பிரிந்து கிடந்தால் எதுவுமே பெரிதாகத் தெரியாது. நான்கையும் வரிசையாக வைத்தால் திருட்டு என்று சின்னப் பிள்ளைக்கும் புரியும். 2018-இல் பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் என்ற பாதுகாப்புக் கம்பெனியின் நிர் சுக் இந்தப் பெயரைப் பேச ஆரம்பித்தார். அதற்குப் பிறகு எல்லாக் கம்பெனியும் தங்கள் பழைய சரக்குக்கும் இதே பெயரை ஒட்டிக்கொண்டது தனிக் கதை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அயர்லாந்தின் அரசு சுகாதார சேவையான ஹெச்எஸ்இ மீது 2021-இல் கான்டி கும்பல் நடத்திய ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும்) தாக்குதலை விசாரித்து பிடபிள்யூசி என்ற ஆலோசனை நிறுவனம் கொடுத்த அறிக்கை பொதுவெளியிலேயே கிடைக்கிறது. பாதுகாப்புக்குச் செலவு பண்ணும் ஒவ்வொரு எம்டியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படிக்கவேண்டியது அது.

மார்ச் 18 அன்று ஒரு ஊழியர் மெயிலில் வந்த எக்செல் ஃபைலைத் திறக்கிறார். மார்ச் 31 அன்று, அதே கம்ப்யூட்டரில் கோபால்ட் ஸ்ட்ரைக்கும் மிமிகாட்ஸும் ஓடுவதை ஆன்டிவைரஸ் கண்டுபிடித்துவிடுகிறது. ஒன்று உள்ளே உட்கார்ந்து ரிமோட்டில் ஆட்டிப்படைக்க, மற்றது பாஸ்வேர்டு திருட. ஒரு சாதாரண ஆபீஸ் கம்ப்யூட்டரில் இந்த இரண்டுக்கும் என்ன வேலை? ஆனால் அந்த ஆன்டிவைரஸ் வெறும் மானிட்டர் மோடில் இருந்தது. பார்த்தது, எழுதி வைத்தது, தடுக்கவில்லை. மே 7 முதல் திருடர்கள் சர்வர்களுக்கும் அடுத்தடுத்த மருத்துவமனைகளுக்கும் நகர்கிறார்கள். ஒரு மருத்துவமனை மே 10 அன்றே சந்தேகப்படுகிறது. இன்னொன்று 12-ஆம் தேதி தலைமைக்குத் தகவல் சொல்கிறது. மே 13 அன்று ஆன்டிவைரஸ் சேவை தருகிற நிறுவனமே, "குறைந்தது 16 கம்ப்யூட்டர்களில் கவனிக்கப்படாத அலர்ட்டுகள் இருக்கின்றன" என்று மெயில் அனுப்புகிறது. அதற்கு நடந்த நடவடிக்கை என்ன தெரியுமா? சர்வர்களை ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னார்கள். மறுநாள் வெள்ளி அதிகாலை எல்லாம் பூட்டிக்கொண்டது. நாடு முழுக்க மருத்துவமனைகள் பேப்பர், பேனாவுக்குத் திரும்பின. மே 20 அன்று திருடர்களே சாவியை இலவசமாகக் கொடுத்தும், முழுதாக மீண்டு வர செப்டம்பர் ஆயிற்று.

இதில் எக்ஸ்டிஆர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த மருத்துவமனைகளின் தனித்தனி அலர்ட்டுகள் ஒரே திரையில் வந்திருக்கும். உண்மையான லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் மார்ச் 31-ஆம் தேதி அலர்ட்டைப் பார்க்க எக்ஸ்டிஆர் தேவையே இல்லை. அங்கே இல்லாமல் போனது அதைப் பார்த்துப் பதில் சொல்லும் பொறுப்பில் ஒரு ஆள். சைபர் பாதுகாப்புக்கு மேல்மட்டத்தில் ஒற்றைப் பொறுப்பாளர் கிடையாது என்று அறிக்கையே சொல்கிறது. அதே வாரம் அயர்லாந்தின் சுகாதாரத் துறை அமைச்சகத்தின் நெட்வொர்க்கிலும் அதே கூட்டம் நுழைந்திருந்தது. அங்கே 13-ஆம் தேதி சந்தேகம் வந்தவுடனே விசாரணையில் இறங்கினார்கள். மறுநாள் காலை ரேன்சம்வேரை ஓட்டப் பார்த்தபோது மாட்டிக்கொண்டது.

இதற்கு முன்பே 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் இதே கதை. ஃபயர்ஐ என்ற கண்காணிப்புக் கருவி கத்தியது. பெங்களூரில் கண்காணித்துக்கொண்டிருந்த அணி பார்த்து, மினியாபொலிஸ் தலைமையகத்துக்குச் சொல்லியும் விட்டது. நம் பக்கத்து ஆட்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். அங்கே யாரும் அசையவில்லை. 4 கோடி கார்டு விவரங்கள் போயின.

"இப்போ எல்லாம் ஏஐ சார், தானாவே ரெஸ்பாண்ட் பண்ணிடும்" என்பார்கள். பண்ணும். ஆனால் சந்தேகம் வந்தவுடன் ஒரு மெஷினை நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்கும் வசதியைப் பல கம்பெனிகள் ஆன் பண்ணுவதே இல்லை. பயம்தான். ஷிப்மெண்ட் போகிற நாளில், கணக்கு, ஸ்டாக், ஆர்டர் எல்லாம் ஓடும் இஆர்பி சர்வர் துண்டிக்கப்பட்டால் யார் பதில் சொல்வது? நியாயமான பயம். அதனால்தான் எந்த மெஷினைக் கேட்காமலே துண்டிக்கலாம், எதற்கு யாரை எழுப்பிக் கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி, எம்டி கையெழுத்துப் போட்டு வைக்க வேண்டும் என்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு இருபத்தைந்து வயசுப் பையன் தனியாக எடுக்கிற முடிவா அது?

ஏஜென்ட் (ஒவ்வொரு மெஷினிலும் போடும் கண்காணிப்பு மென்பொருள்) போட முடியாத பொருட்களையும் மறக்காதீர்கள். எஸ்-ஆர்எம் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2025-இல் வெளியிட்ட ஒரு சம்பவம்: அகிரா கும்பலின் ரேன்சம்வேரை ஈடிஆர் தடுத்துவிட்டது. அவர்கள் சளைக்காமல் நெட்வொர்க்கில் லினக்ஸில் ஓடிய ஒரு வெப்கேமுக்குள் புகுந்து, அங்கிருந்தே எல்லா ஃபைலையும் பூட்டிவிட்டார்கள். நம் ஊர்த் தொழிற்சாலைகளில் சிசிடிவி, பயோமெட்ரிக் பெட்டி, மெஷினோடு வந்த பழைய விண்டோஸ் 7 என்று எத்தனை இருக்கும், எண்ணிப் பாருங்கள். நெட்வொர்க்கைப் பார்க்காத எக்ஸ்டிஆர் பாதி எக்ஸ்டிஆர்தான்.

எல்லாவற்றையும் ஒரே கம்பெனியிடம் கொடுப்பது ஆபத்து என்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனியைக் காட்டுகிறவர்கள் உண்டு. 2024 ஜூலை 19 அன்று அவர்களுடைய ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்ததும், அந்த வகை அப்டேட்டைத் தள்ளிப்போட வாடிக்கையாளருக்கு அப்போது வழி இல்லாததும் உண்மை. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இருக்க முடியாது. அப்டேட்டை முதலில் சில மெஷின்களில் மட்டும் விட முடியுமா என்று கேட்டு வாங்கலாம்.

இந்தியாவில் இன்னொரு கணக்கும் உண்டு. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் (CERT-In) 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவுப்படி, சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும், லாக்குகளை (கம்ப்யூட்டர்கள் எழுதி வைக்கும் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஆனால் சில எக்ஸ்டிஆர் லைசென்ஸ்களில் டேட்டா 30 நாள்தான் நிற்கும்.

சின்னக் கம்பெனிகள் மூன்று ஷிஃப்ட் ஆள் வைக்க முடியாது, புரிகிறது. அவர்களுக்கு ஆளோடு சேர்த்து விற்கும் எம்டிஆர் சேவைதான் சரி என்று நினைக்கிறேன். கருவி ஒரு படி குறைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை. டெமோவுக்கு வருகிறவரிடம் இதைக் கேளுங்கள்: தீபாவளி அன்று ராத்திரி அலர்ட் வந்தால் உங்கள் பக்கம் யார் பார்ப்பார், எத்தனை நிமிஷத்தில் எனக்கு போன் வரும், நான் எடுக்காவிட்டால் நீங்களே துண்டிப்பீர்களா? "அது தனி பேக்கேஜ் சார்" என்பார். அந்த விலையையும் இதே கொட்டேஷனில் எழுதித் தரச் சொல்லுங்கள்.