கொழும்பு என்று தேடினால் பாதிதான் வருகிறது

சனிக்கிழமை நூலகர் மாநாட்டில் நடந்ததை முதலிலிருந்து விவரிக்கப் போவதில்லை. மண்டபத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். இல்லாதவர்களுக்கும் ஞாயிறு காலைக்குள் வட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்துவிட்டது. நானும் இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். நேற்று இரவு ஒருவர், "அது சும்மா பம்பல்தானே, சின்ன விஷயத்தைப் பெரிசாக்காதீங்கோ" என்று எழுதியதையும், அதற்கு எங்கள் துறைக்காரரே வரிசையில் நின்று சிரிப்புக்குறி போட்டிருந்ததையும் பார்த்த பிறகு நித்திரை வரவில்லை.

புதிய நூலக மென்பொருள் ஒன்றைப் பற்றி மேடையில் பேசிய மூத்தவரிடம் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள். அந்தப் பிள்ளை கேட்டது சரியான கேள்வி. அன்று முழுநாளும் அந்த மண்டபத்தில் கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி.

"சேர், எங்கட லைப்ரரியில கொழும்பு எண்டு தேடினால் பாதிப் புத்தகம்தான் வருது. நீங்கள் சொல்லுற இந்தப் புதிசில எல்லாம் வருமோ?"

அவருடைய பதில்: "கொழும்பிலயிருந்து வாறதெண்டால் சுணங்கித்தான் வரும் தங்கச்சி, ஏ9 றோட்டால எல்லே வரவேணும்." மண்டபமே கொல்லென்று சிரித்தது. பிறகு, தொழில்நுட்ப விஷயங்களைத் தேநீர் இடைவேளையில் கதைப்போம் என்றார். இடைவேளையில் அவர் படம் எடுப்பதில் மும்முரமாக இருந்தார். அந்தப் பிள்ளை கையில் ரோல்ஸோடு பத்து நிமிஷம் பக்கத்தில் நின்றுவிட்டுத் தன் கதிரைக்குப் போய்விட்டாள்.

சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு அதற்குப் பதில் தெரியும்? சொல்கிறேன். ஒருங்குறியில் (யூனிகோட்) 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுக்குப் பக்கத்தில் ஒகரக் குறி என்ற ஒரே குறியீடாக வைக்கலாம். அல்லது ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு துண்டாக வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சொட்டாக ஒன்றுதான். கணினிக்கு இரண்டும் வேறு, நாங்கள் சொல்லிக்கொடுக்கும் வரை. அவளுடைய நூலகத்தில் பழைய பதிவுகள் ஏதோ ஒரு எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தவை, புதியவை நேரடியாகத் தட்டச்சு செய்தவை. அதுதான் பாதி. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து தேடல் சுட்டியை மறுபடி கட்டினால் மற்றப் பாதியும் வரும். ஒரு நாள் வேலை. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லியிருக்கலாமே, அதிலென்ன வெட்கம்?

இது கொழும்போடு முடிகிற விஷயமுமில்லை. கோப்பாய், கொடிகாமம், பொன்னாலை, தொல்புரம், எல்லாவற்றிலும் இதே கொம்பும் காலும்தான். எங்கள் ஊர்ப்பெயர்களில் பாதியைத் தேடிப் பிடிக்க முடியாத பட்டியலை வைத்துக்கொண்டுதான் செயற்கை நுண்ணறிவு பற்றி மூன்று உரை கேட்டோம். அகரவரிசை இன்னொரு கூத்து. ஒருங்குறி வரிசையில் ன, ந-வுக்கு அடுத்ததாக நிற்கிறது. எங்கள் நெடுங்கணக்கில் அது கடைசி எழுத்து. இதைக் கவனிக்காத மென்பொருளில் ஆசிரியர் பெயர்ப் பட்டியலை எடுத்துப் பாருங்கள், அரிவரிப் பிள்ளையே சிரிக்கும்.

"உம்மட பிரச்சினை என்ன, கோஹாவை விட்டு வேறெதற்கும் போகக்கூடாதா?" என்று கேட்பீர்கள். கேட்டுவிட்டார்கள். நூலகப் பட்டியலுக்கு நாங்கள் பாவிக்கிற இலவச மென்பொருள்தான் கோஹா. இலவச மென்பொருளுக்கு ஆர் பொறுப்பு என்றும் மேடையிலேயே கேட்டார்கள்.

கோஹாவை மேலிடம் ஒன்றும் செய்து இறக்கவில்லை. நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவாவில் ஒரு சின்ன நூலக அறக்கட்டளை. 2000 ஆம் ஆண்டு பிறந்தால் பழைய முறைமை தடுமாறும் என்ற நிலைமையில், 1999 இல் ஒரு சிறிய கம்பனியைப் பிடித்துத் தங்களுக்கென்று செய்வித்து, 2000 ஜனவரியில் ஓடவிட்டு, ஊருக்கே திறந்து கொடுத்தார்கள். கோஹா என்றால் மாவோரி மொழியில் கொடை. சும்மா கொடையுமில்லை, திருப்பிச் செய்யவேண்டிய கொடை. எங்கள் ஊர்க் கலியாண வீட்டில் கொப்பியில் பெயர் எழுதி வாங்குகிற அன்பளிப்பு மாதிரி. நாங்கள் வாங்கினோம். திருப்பி என்ன செய்தோம்? 2011 இல் அவர்களுடைய மாநாடு மும்பைக்குப் பக்கத்தில் தானேயில் நடந்தது. அந்த மாநாடுகளில் உரைகள் முடிந்த பிறகு நூலகர்களும் நிரல் எழுதுபவர்களும் ஒரே மேசையில் இருந்து பிழை திருத்துகிற நாட்களும் உண்டு. நாங்கள் மாநாடு முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடிக்கிறோம்.

சரி, கோஹாவிலும் தலையிடி இருக்கிறது. ஒளிக்கவில்லை. லினக்ஸ் தெரிந்த ஒருவர் வேண்டும். எங்களுக்குப் போட்டுத் தந்த தம்பி கனடா போய்விட்டான். சேர்வர் நின்றால் அவனுக்கு விடியும்வரை பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். அதனால்தான் சொல்கிறேன், எதை வாங்குகிறீர்கள் என்பது எனக்குப் பிரச்சினையே இல்லை. காசு கொடுத்தே வாங்குங்கள். வாங்குமுன் தேடுபெட்டியில் தமிழில் கொழும்பு என்று தட்டிப் பாருங்கள். அவ்வளவுதான். அந்தப் பிள்ளை கேட்டதும் அவ்வளவுதான்.

ஏன் எனக்கு இவ்வளவு சுடுகிறது என்றால், நான் ஒருமுறை சுட்டுக்கொண்டவன். இருபது வருஷத்துக்கு முன் யுனெஸ்கோ சும்மா தந்த வின்ஐசிஸ் என்ற நூலகப் பட்டியல் மென்பொருளில் வேலை பழகினோம். தமிழ் பாமினி எழுத்துருவில். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி என்பது விசைப்பலகையில் அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் யாழ்ப்பாணமே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். அப்புறம் நான் அப்போது வேலை செய்த இடத்தில் காசு கொடுத்து ஒன்று வாங்கினார்கள். கணினியின் பின்னால் டொங்கிள் என்ற சின்னத் திறப்புக் கருவியைச் செருகினால்தான் திறக்கும். இரண்டு வருஷம் பின்னேரம் பின்னேரமாக இருந்து எட்டாயிரத்துச் சொச்சம் புத்தகத்தை ஏற்றினேன். ஒருநாள் டொங்கிள் பழுதாய்ப் போயிற்று. விற்றவர்களின் தொலைபேசி வேலை செய்யவில்லை. மற்ற நூலக மென்பொருள்களும் வாசிக்கிற மார்க் வடிவில் வெளியே எடுக்க வழி வைத்திருக்கவில்லை. வாங்கும்போது அதை யாரும் கேட்கவுமில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான். மூலையில் சின்னப்பெடியனாக நின்றேன். கேட்டால் சிரிப்பார்கள் என்று பயம். மறுபடி, புத்தகங்களை வந்த வரிசையில் இலக்கமிட்டு எழுதும் அக்சஷன் பதிவேட்டைத் திறந்து முதலாம் இலக்கத்திலிருந்து தொடங்கினேன்.

சனிக்கிழமை அவள் எழும்பி மைக்கைப் பிடித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

மேடையேறிய எல்லாரும் யாழ்ப்பாண நூலகம் எரிந்த 1981 இல்தான் தொடங்கினார்கள். எரிந்த புத்தகங்கள் 97,000 என்ற இலக்கத்தை அன்று நான்கு தரம் கேட்டேன். எனக்கும் அந்த இலக்கம் நெஞ்சில்தான் இருக்கிறது, யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. ஆனால் எரிந்ததைச் சொல்லித் தொடங்குபவர், எரியாமல் ராக்கையில் இருக்கிற புத்தகத்தைத் தேடுபெட்டியில் காணவில்லை என்று ஒரு பிள்ளை சொல்லும்போது பகிடி விடுவது எப்படி? வாசகரைப் பொறுத்தவரை கிடைக்காத புத்தகம் கிடைக்காததுதான். நான் மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று படுகிறதா? படட்டும்.

அடுத்தது, "அவர் மூத்தவர், இத்தனை வருஷம் சேவை செய்தவர்." உண்மை. நானும் அவரிடம் பகுப்பாக்கம் படித்தவன், இப்போதும் கண்டால் எழும்பி நிற்பேன். ஆனால் அவர் கடைசியாக இரவல் வழங்கும் மேசையில் இருந்தது எப்போது? ஓஎல் படிக்கிற பிள்ளை வந்து "அண்ணா, இந்தப் பாடத்துக்குப் புத்தகம் இருக்கோ" என்று கேட்க, இல்லையென்று கணினி சொல்ல, கண்ணுக்கு முன்னால் ராக்கையில் அது இருக்க, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கிறாரா? வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நூலகவியல் அறிஞர் இரங்கநாதன் 1931 இல் எழுதிய நூலகவியல் விதிகளில் நாலாவது. எங்களுக்கு அதைப் படிப்பித்ததும் அவரேதான்.

"உமக்கு மேடை தரவில்லை என்ற கோபம்." இதையும் ஒருவர் உள்பெட்டியில் அனுப்பினார். ஓம், கொஞ்சம் இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். 2005 இல் 'நூலகம்' என்ற எண்மிய (டிஜிட்டல்) நூலகத்தைத் தொடங்கியவர்கள் தன்னார்வலர்கள். அவர்கள் யாருடைய மேடைக்கும் காத்திருக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனாலும் முகாமைத்துவம் பற்றி ஆங்கிலத்தில் நாற்பது ஸ்லைட் ஓட, தமிழ்த் தேடலுக்குப் பத்து நிமிஷம் கேட்டு மூன்று மாதத்துக்கு முன்னரே கடிதம் கொடுத்த எனக்கு, கிடைத்தது கதிரை அடுக்குகிற பொறுப்பு. அடுக்கினேன். வடிவாகத்தான் அடுக்கினேன்.

எங்கள் நாட்டு அரச தமிழில் டெண்டருக்குக் கேள்வி கோரல் என்று பெயர். பத்திரிகையில் காசு கட்டிக் கேள்வி கோருவீர்கள். சும்மா ஒரு பிள்ளை எழும்பிக் கேள்வி கேட்டால் சிரிப்பீர்கள்.

மனைவி இதைப் போடவேண்டாம் என்றாள், அடுத்த இடமாற்றத்தில் நெடுந்தீவுக்கு அனுப்புவார்கள் என்று. அங்கேயும் வாசிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், குமுதினிப் படகில் போகிறேன்.

நேற்று அந்தப் பிள்ளை தன் சீஆர் கொப்பியின் நாலு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். தேடினால் பாதி வருகிற சொற்கள், சிவப்புப் பேனையில், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கிடைத்தது எத்தனை, ராக்கையில் எண்ணியது எத்தனை என்று. ராக்கை ராக்கையாகப் போய் எண்ணியிருக்கிறாள். பெயரை மறைத்து, அவளிடம் கேட்டுவிட்டுத்தான் கீழே போட்டிருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் 'நொச்சி'க்குப் பக்கத்தில் அவள் போட்டிருக்கிற கேள்விக்குறிக்கு எனக்கே இன்னும் விடை பிடிபடவில்லை. ஒகரம் சரியாகத்தான் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.