நாங்கள் ஓட்டியது சோழவரத்தில்

ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டிக் கண்காட்சியில் அந்த மனிதர் மைக் பிடித்துப் பேசியதைப் பார்த்திருப்பீர்கள். “வடசென்னைப் பசங்களுக்கு அந்தக் காலத்துலேர்ந்தே ரேஸ் பைத்தியம், ரோட்டுல போறவங்கதான் பாவம்” என்றார். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. எனக்கு வயிறு எரிந்தது.

நாங்கள் ரோட்டில் ஓட்டவில்லை ஐயா. சோழவரத்தில் ஓட்டினோம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் அது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வரும்வரை மெட்ராஸில் ரேஸ் என்றாலே சோழவரம்தான்.

எங்கள் சித்தப்பாவுக்குத் தண்டையார்பேட்டையில் ஒர்க்‌ஷாப். அவரிடம் ஒரு மேட்ச்லெஸ் ஜி3எல் பைக் இருந்தது. பிரிட்டிஷ் ராணுவம் போரில் ஓட்டிய 350 சிசி மாடல். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். இடது காலில் கியர் போடும் ஜாவா பைக் ஓட்டிப் பழகியவன் ஏறினால் முதல் வளைவிலேயே தடுமாறுவான். ஸ்பேர் கிடைக்காது, புஷ்ஷெல்லாம் பக்கத்துத் தெரு லேத்தில் கடைந்ததுதான்.

ரேஸுக்கு முன்னால் முழு வேகத்தில் ஓட்டச் சொல்லி, அப்படியே கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைக்கச் சொல்வார். கொதிக்கிற ஸ்பார்க் பிளக்கைத் துணியால் பிடித்துக் கழற்றி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வெளுத்திருந்தால் பெட்ரோல் பத்தவில்லை, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைப் பெரிதாகப் போட வேண்டும். கரி படிந்திருந்தால் சின்னது. காபித்தூள் நிறம் வந்தால்தான் வண்டியை டிராக்கில் விடுவார்.

அப்புறம் ரேஸ் நடத்துகிறவர்களின் பரிசோதனை. எஞ்சின் ஆயிலை வடிக்கும் அடி மூடியான டிரெயின் பிளக்கைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறோமா என்று குனிந்து பார்ப்பார்கள். அது கழன்று ஆயில் கொட்டினால் பின்னால் வருகிறவன் சறுக்கி விழுவான். பின்னால் வருகிறவன் உயிரை அவ்வளவு யோசித்த விளையாட்டு இது. இதையா ரோட்டு ரவுடித்தனத்தோடு சேர்க்கிறீர்கள்?

“அங்கேயும் விழுந்தார்களே” என்பீர்கள். விழுந்தார்கள்தான். என் கூட்டாளிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆனால் ஹெல்மெட் போட்டு, ஆபத்து தெரிந்து இறங்கியவன் அவன். பால் வாங்கப் போன பாட்டி மேல் யாரும் மோதவில்லை. ராத்திரி பீச் ரோட்டில் பறக்கும் பசங்களை நானும்தான் திட்டுகிறேன். அவர்கள் எல்லா ஏரியாவிலிருந்தும் வருகிறார்கள். பெயர் மட்டும் எங்களுக்கு.

“அது பணக்காரர் விளையாட்டு, உங்களுக்கு என்ன சம்பந்தம்” என்று இன்னொருவர் கேட்டார். சரி, நார்ட்டன், டிரையம்ப் என்று வெளிநாட்டு பைக் வைத்திருந்தவர்களில் பலர் வசதியானவர்கள்தான். அந்த வண்டிகளை ஓட வைத்தது யார்? 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா எங்கள் திருவொற்றியூரில்தான் புல்லட் செய்தது. பகலில் ஃபேக்டரி, ராத்திரி அடுத்தவர் ரேஸ் வண்டி என்று கண் விழித்தவர்களை எனக்குத் தெரியும். எஞ்சின் வால்வு தட்டும் சத்தத்தை வைத்தே அதில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று சொல்வார்கள்.

அந்தக் கண்காட்சியில் பளபளவென்று வரிசையாக நின்ற வண்டிகளுக்கு முன்னால் போர்டு வைத்திருந்தார்கள். மாடல், வருடம், உரிமையாளர் பெயர். மெக்கானிக் பெயர் ஒன்றில்கூட இல்லை. சித்தப்பா கை பட்ட வண்டி ஒன்றும் அங்கே நின்றது. எஞ்சின் மூடியில் அவர் வைத்த வெல்டிங் தழும்பு எனக்குத் தெரியாதா? அதன் பக்கத்தில் நின்றுகொண்டுதான் அந்த மனிதர் எங்களைச் சிரிப்புப் பொருளாக்கினார்.

அதே மேடையில் அவர் வருத்தம் சொல்ல வேண்டும். போர்டில் அந்தப் பெயர்கள் வர வேண்டும். அதுவரை எங்கள் மேட்ச்லெஸ் உங்கள் கண்காட்சிக்கு வராது. போன் பண்ணிக் கெஞ்ச வேண்டாம்.