சுரேந்திரன் பட்டேலின் கதையில் விட்டுப்போகும் நடுப்பகுதி

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நம்மூர் மாவட்டம் போன்ற ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில், 240ஆவது மாவட்ட நீதிமன்றத்தின் நீதிபதியாக 2023 ஜனவரியில் பொறுப்பேற்ற சுரேந்திரன் கே. பட்டேலின் வாழ்க்கை, ‘பீடி சுற்றியவர் அமெரிக்காவில் நீதிபதி’ என்ற ஒற்றை வரியாகச் சுருங்கி இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. வரியில் பிழையில்லை. கேரளாவின் காசர்கோடு மாவட்டத்தில் பிறந்த அவர் பள்ளி நாட்களிலேயே சகோதரியோடு சேர்ந்து பீடி சுற்றினார். பத்தாம் வகுப்புக்குப் பின் சிறிது காலம் படிப்பையே நிறுத்திவிட்டு அதே வேலைக்குப் போனார். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, நனைத்த இலையைக் கத்தரித்து, தூள் வைத்து உருட்டி, நூல் கட்டி முனை மடக்கும் அந்த வேலையில் முதுகு என்ன பாடுபடும் என்பதை நெல்லைப் பக்கத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது அதற்குப் பின் வரும் பகுதி. கல்லூரியில் வருகைப்பதிவு குறைந்து, தேர்வெழுத ஆசிரியர்களிடம் மன்றாடியவர். ஓட்டலில் வேலை பார்த்தபடியே கோழிக்கோடு அரசு சட்டக் கல்லூரியில் படித்து 1995இல் பட்டம் பெற்றவர். சொந்த மாவட்டத்து ஹோஸ்துர்க்கில் வழக்காடி, பிறகு டெல்லியில் உச்ச நீதிமன்றம் வரை சென்றவர். இத்தனைக்கும் பிறகு 2007இல், செவிலியரான மனைவியின் வேலையை ஒட்டி டெக்சாஸின் ஹூஸ்டனுக்குக் குடிபெயர்ந்து மளிகைக் கடையில் வேலைக்கு நின்றார். அங்கே வழக்கறிஞர் தேர்வு, மீண்டும் சட்டக் கல்லூரி. பீடியைவிட இதுதான் கடினம் என்பேன். ஏறிய படிகளை இறங்கிவந்து மறுபடி முதலிலிருந்து ஏற எல்லோருக்கும் மனம் வராது.

2017இல்தான் அவர் குடியுரிமை பெற்றார். ஐந்தே ஆண்டுகளில், ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் பதவியிலிருந்த நீதிபதியைத் தோற்கடித்து, 2022 நவம்பரில் குடியரசுக் கட்சி வேட்பாளரையும் வென்றார். தன் ஆங்கில உச்சரிப்பை வைத்தே எதிர்ப் பிரச்சாரம் நடந்ததாகவும், சொந்தக் கட்சியினரே தன் வெற்றியை நம்பவில்லை என்றும் அவர் கூறியிருக்கிறார்.

மகிழ்ச்சிதான். ஆனால் அவரை உள்ளே விட்ட அதே கதவைப் பற்றி எனக்கு உறுத்தல் உண்டு. பெருங்குற்ற வழக்குகளை முதலில் விசாரிக்கும் நீதிபதி, டெக்சாஸில் கட்சிப் பெயரோடு நான்காண்டுக்கு ஒருமுறை வாக்குக் கேட்க வேண்டும். தன் முன் வாதாடும் வழக்கறிஞர்களிடமிருந்தே, சட்டம் விதித்த வரம்புக்குள், தேர்தல் நிதியும் பெறலாம். 2018இல் பக்கத்து ஹாரிஸ் கவுண்டியில் போட்டி நடந்த 59 நீதிபதி இடங்களையும் ஜனநாயகக் கட்சியே அள்ளியது. ஒரே குறியில் கட்சியின் பட்டியல் முழுவதற்கும் வாக்களிக்கும் முறை அப்போது இருந்தது. தோற்றவர்களில் யார் நல்ல நீதிபதி, யார் மோசமானவர் என்று பிரித்துப் பார்க்க அந்த ஒரு குறியில் ஏது இடம்? அந்த முறை 2020இல் ஒழிந்தது. கட்சிப் பெயர் ஒழியவில்லை.

மின்னசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் நீதிபதித் தேர்தலின் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது. டெக்சாஸும் அப்படி மாறலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் கட்சியின் துணையில்லாமல், பட்டேல் என்ற பெயரை மட்டும் பார்த்து எத்தனை பேர் குறியிட்டிருப்பார்கள் என்ற கேள்வியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.